பழைய வேனின் ஏசி: கேஸ் எங்கே போகிறது?

நுவரெலியாவில் ஏசி பழுதானால் யாருக்கும் தெரியாது. வெளியே 16 பாகை. ப்ளோவரைத் திருகினால் வருகிற வெறுங்காற்றே விறைக்கும். பட்டனில் பச்சை விளக்கும் எரிந்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் தோன்றும். என் வேன் இப்படித்தான் பல மாதம் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

கட்டுநாயக்காவுக்கு ஒரு ஹயர். றம்பொடையில் குளிர்ந்தது. புசல்லாவையில் குளிர்ந்தது. கம்பளையில் பரவாயில்லை. கேகாலை தாண்டியதும் பின் சீட்டில் இருந்த அம்மா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, “தம்பி, ஏசி போட்டிருக்கா, இல்ல சும்மா காத்தா?” என்று கேட்டார். சும்மா காற்றுதான்.

மறுநாள் ஒரு கராஜில் “கேஸ் முடிஞ்சிருக்கு” என்று சொல்லிக் கேஸ் போட்டார்கள். இரண்டு மாதத்தில் திரும்பவும் முடிந்தது. திரும்பவும் போட்டார்கள். மூன்றாம் தடவைதான் எனக்கு உறைத்தது: இது எங்கே போய் முடிகிறது? பெட்ரோல் எரிகிறது, டயர் தேய்கிறது. ஏசி கேஸ் எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. ஒரு மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது மட்டுமே அதன் வேலை. குறைந்தது என்றால் வெளியே போயிருக்கிறது. வெளியே போனதென்றால் ஓட்டை இருக்கிறது. பழைய வாகன ஏசியைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 இல்தான். வந்தவற்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆகவே நம்மில் பலர் இன்னும் தொண்ணூறுகளில் செய்த டொல்பின் வேனையும் டவுன் ஏஸையும் கொரோலாவையும்தான் தேற்றித் தேற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அவற்றின் இஞ்சினைப் பற்றிப் பேச ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. ஏசி என்றதும் எல்லாரும் “கேஸ் போடு” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பருப்பில் இருந்து தொடங்குவோம்

நுவரெலியாவில் பருப்பு வேக நேரம் எடுக்கும். கொழும்பிலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள்கள் முதல் வாரமே கண்டுபிடிக்கிற விஷயம் இது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், 100 பாகை வரை போகாமல் 94 பக்கத்திலேயே. கொதிக்கிறதே தவிர அவ்வளவு சூடில்லை. பிரஷர் குக்கர் இதைத் தலைகீழாகச் செய்கிறது: அழுத்தத்தைக் கூட்டி, கொதிக்கும் சூட்டையும் கூட்டுகிறது.

அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், குறைந்தால் குறையும். ஏசி முழுவதும் இந்த ஒரு வரிதான்.

இன்னொன்றும் நமக்குத் தெரியும். ஊசி போடுமுன் டிஸ்பென்சரியில் ஸ்பிரிட் தடவினால் கை சில்லென்றிருக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. எந்தத் திரவம் ஆவியானாலும் பக்கத்திலிருக்கும் சூட்டை உறிஞ்சும். ஆவி மறுபடி திரவமானால் அதே சூட்டைக் கக்கும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வாகன ஏசியில் இப்போது பரவலாக இருப்பது ஆர் 134ஏ என்ற கேஸ். திறந்த வெளியில், கடல் மட்டத்தில், அது மைனஸ் 26 பாகையிலேயே கொதித்துவிடும். குழாய்க்குள் அடைத்து 30 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அளவு) அழுத்தத்தில் வைத்தால் 1, 2 பாகையில் கொதிக்கும். 200 பிஎஸ்ஐக்கு நெருக்கினால் 55 பாகை போலச் சூட்டில்தான் ஆவியும் திரவமும் மாறும். டெஷ்போர்ட்டுக்குள் அழுத்தத்தைக் குறைத்து 2 பாகையில் கொதிக்க விடுகிறோம்; வேனுக்குள் இருக்கும் சூட்டை அது உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு முன்பக்கம் கொண்டுபோய், நெருக்கி, 55 பாகையில் திரவமாக்குகிறோம். வெளிக்காற்று 32 பாகை என்றாலும் 55க்கு அது குளிர்ச்சிதான், ஆகவே சூடு வெளியே போய்விடுகிறது. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டைச் சுமந்துகொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. கொழுந்துக் கூடை மாதிரி: நிரப்பு, சும, கொட்டு, வெறுங்கூடையோடு திரும்பி வா.

இதைச் செய்கிற உறுப்புகள் ஐந்து. நெருக்குவது கம்ப்ரஷர்; இஞ்சினின் பெல்ட்டில் ஓடும். சூட்டைக் கொட்டுவது கண்டென்சர். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும். ஈரத்தையும் தூசையும் பிடித்துவைப்பது ட்ரையர். சிறிய போத்தல் மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள். அழுத்தத்தைச் சட்டென்று குறைப்பது எக்ஸ்பேன்ஷன் வால்வ், ஊசித்துளை போன்ற ஒரு வாசல். கொதித்துக் குளிர்வது கூலிங் கொயில். கேஸோடு சேர்ந்து கொஞ்சம் ஒயிலும் இந்தப் பாதை முழுக்கச் சுற்றும். கம்ப்ரஷருக்கு உயவு அதுதான். கேஸ் லீக் ஆனால் கூடவே ஒயிலும் கசியும். கேஸைக் கண்ணால் பார்க்க முடியாது, ஒயிலைப் பார்க்கலாம்.

கராஜுக்குப் போகுமுன்

காசு செலவில்லாமல் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு. இஞ்சினை ஓடவிட்டு ஏசி பட்டனை அழுத்துங்கள். ‘டக்’ என்ற சத்தத்தோடு கம்ப்ரஷரின் முன்தட்டு சுற்றத் தொடங்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் முதலில் பியூஸ், ரிலே, க்ளட்ச் வயர். பழைய வண்டியில் வயர் நுனி பச்சை பூத்துக் கிடப்பது சாதாரணம். அவையும் சரியென்றால் கேஸ் மிகவும் குறைந்திருக்கலாம். அழுத்தம் போதாவிட்டால் ஒரு சுவிட்ச் கம்ப்ரஷரை ஓடவிடாது. ஒயில் இல்லாமல் ஓடி இறுகிப்போகாதிருக்க அந்த ஏற்பாடு. சுவிட்சை வயரால் நேரே இணைத்து ‘ஓடவைத்துக் காட்டுகிற’ கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது குழாய்கள். கூலிங் கொயிலிலிருந்து கம்ப்ரஷருக்குத் திரும்பும் தடித்த குழாய் குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும். கம்ப்ரஷரிலிருந்து கண்டென்சருக்குப் போவது சுடும், விரலை அவசரப்பட்டு வைக்காதீர்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அங்கே எதுவும் நெருக்கப்படவில்லை.

மலைக்கென்றே ஒரு அறிகுறி உண்டு. நேர்ப்பாதையில் குளிர்கிறது, கடுகண்ணாவை ஏற்றத்தில் ஊரும்போது சூடாகிறது என்றால் சந்தேகம் கேஸில் அல்ல, கண்டென்சரில். வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே அதைக் குளிர்விக்கும். ஏற்றத்தில் விசிறி மட்டும்தான் துணை. விசிறி தளர்ந்திருந்தாலோ கண்டென்சரின் இதழ்களில் சேறும் பூச்சியும் அப்பியிருந்தாலோ சூட்டைக் கொட்ட இடமிருக்காது. மெல்லிய தண்ணீர்த் தாரையால் கழுவினாலே பாதி நோய் தீர்ந்துவிடும். பலமாக அடித்தால் இதழ்கள் மடங்கிவிடும்.

இன்னொரு விசித்திரம்: கொஞ்ச நேரம் நன்றாகக் குளிரும், பிறகு நின்றுவிடும், ஏசியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி குளிரும். குழாய்க்குள் ஈரம் புகுந்திருக்கிறது. எக்ஸ்பேன்ஷன் வால்வின் ஊசித்துளையில் அது ஐஸாக உறைந்து அடைக்கிறது. நிறுத்தியதும் உருகி வழிவிடுகிறது. ட்ரையரை மாற்றி, குழாயை வெறுமையாக்கினால்தான் சரியாகும்.

வேனுக்குள் தண்ணீர் சொட்டி முன் சீட்டுக்காரரின் சப்பாத்து நனைகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் வெளியேறும் ரப்பர்க் குழாய் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஓட்டை தேடிய நாள்

நான்காவது தடவை நான் போனது ஒரு வயதான ஏசி பாஸிடம். போனவுடன் பழக்கதோஷத்தில் கேஸ் போடச் சொன்னேன். அவர் வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டே, “கேஸ் என்ன டீசலா தம்பி, ஓடித் தீர்றதுக்கு?” என்றார்.

முன்னும் பின்னும் ஏசி உள்ள வேன்களில் பின்பக்கக் கொயிலுக்குப் போகும் நீண்ட அலுமினியக் குழாய்கள் தளத்துக்கு அடியில் ஓடுகின்றன. கல் அடிப்பது, சேறு அப்புவது, பிடிகளில் உரசுவது எல்லாம் அவற்றுக்குத்தான். பாஸ் முதலில் விரலால் குழாயைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் கறுப்பாகப் பிசுபிசுத்தது. மற்ற இடத்துத் தூசி உலர்ந்திருந்தது, அங்கே மட்டும் ஒயிலில் ஊறிய தூசி. பிறகு குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றினார். குளிரூரில் கேஸின் சொந்த அழுத்தம் குறைவு, 15 பாகையில் 59 பிஎஸ்ஐ பக்கம்தான். அந்த அழுத்தத்தில் சிறிய ஓட்டை வாயே திறக்காது. நைட்ரஜனால் அதைவிட மூன்று மடங்கு ஏற்றிவிட்டு, ஷேவிங் பிரஷ்ஷில் சவர்க்கார நுரையை எடுத்து அந்தப் பிடியின் மேல் பூசினார். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நுரைக்குமிழ் கடுகளவில் கிளம்பி, மிளகளவாகி, நெல்லிக்காய் அளவுக்கு ஊதி வெடித்தது. அதே இடத்தில் இன்னொன்று. மூன்று தடவை நான் கொட்டிய காசு அந்தக் குமிழ் வழியாகத்தான் போயிருக்கிறது.

நைட்ரஜனுக்குப் பதிலாக ஒட்சிசன் சிலிண்டரை மாட்ட ஒருபோதும் விடாதீர்கள். அழுத்தத்தில் ஒட்சிசனும் ஒயிலும் சந்தித்தால் வெடிக்கும்.

குழாய்த் துண்டை மாற்றி, திறந்த மூட்டுகளின் ஓ ரிங்குகளையும் (ரப்பர் வளையங்கள்) மாற்றினார். ட்ரையரும் புதிது. ட்ரையரை மாற்றச் சொல்லும்போது பலர் பேரம் பேசுகிறோம். குழாய் திறந்து கிடந்த நேரமெல்லாம் மலைக்காற்றின் ஈரத்தை அது குடித்துவிட்டது. பழையதையே வைத்தால் ஈரம் கேஸோடும் ஒயிலோடும் சேர்ந்து அமிலமாகிக் கொயிலை உள்ளிருந்து அரிக்கும்.

24 இல் நின்ற ஊசி

கேஸ் ஏற்றுமுன் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுத்துவிட வேண்டும். வெகுவம் போடுவது என்பார்கள். அழுத்தம் காட்டும் நீல மீட்டரின் ஊசி பூச்சியத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கியது. 24 அங்குலத்தில் (பாதரச அங்குலக் கணக்கு) போய் நின்றுவிட்டது. கைபேசியில் நான் பார்த்த வீடியோக்களில் எல்லாம் 29, 30 என்று போகும்.

“பம்ப் போதாது போல, பாஸ்?”

“இது கொழும்பா தம்பி? தலைக்கு மேல இருக்கிற காத்தே இங்க கொறச்சல்தானே.”

திரும்பவும் பருப்புதான். அந்த மீட்டர் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு குறைவு என்பதை. கடல் மட்டத்தில் வெளிக்காற்று கிட்டத்தட்ட 30 அங்குலம். முழு வெறுமையாக்கினால் 30 காட்டும். ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஒரு அங்குலம் குறையும். நுவரெலியா 6128 அடி. இங்கே வெளிக்காற்றே 24 அங்குலம்தான். அதற்குமேல் இழுக்க எதுவும் இல்லை. ஹட்டன், பண்டாரவளையில் 26 பக்கம் நிற்கும், கண்டியில் 28. இது தெரியாமல் பம்ப்பைக் குறை சொல்பவர்களும் உண்டு, இருக்காத லீக்கைத் தேடி நாள் முழுக்க அலைபவர்களும் உண்டு.

குளிருக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. வெகுவத்தில் ஈரம் வெளியேறுவது கொதித்து ஆவியாகித்தான். வண்டி குளிர்ந்திருந்தால் அது கொதிக்க மறுக்கும். கொழும்பில் அரை மணி நேரம் போதுமென்றால் இங்கே ஒரு மணியாவது ஓடவிட வேண்டும். பாஸ் பொனட்டுக்குள் சூடு பரவட்டும் என்று முதலில் இஞ்சினைக் கொஞ்சம் ஓட்டி நிறுத்தினார். பிறகு வால்வைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது ஊசி அதே இடத்தில் நின்றது. ஏறியிருந்தால் இன்னொரு ஓட்டை என்று அர்த்தம்.

நிறுத்துப் போடுங்கள்

இனிதான் மலைநாட்டில் அதிகம் நடக்கும் தவறு. மீட்டரைப் பார்த்துக் கேஸ் போடுவது.

வீட்டு கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 12.5 கிலோ நிறைந்திருந்தாலும் அரைக் கிலோ மிஞ்சியிருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரித்தான் எரியும். உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் மாறாது. எவ்வளவு மிச்சம் என்று அறியத் தூக்கித்தான் பார்ப்போம். ஏசியும் அப்படியே. நின்றிருக்கும் வண்டியில் மீட்டர் 59 காட்டினால் ‘கேஸ் இருக்கிறது’ என்று மட்டுமே சொல்லலாம். 200 கிராமா 800 கிராமா என்று சொல்ல முடியாது.

ஓடும்போது பார்த்தாலோ, புத்தகத்தில் உள்ள அளவுகள் வெயிலூருக்கானவை: தாழ்பக்கம் (கூலிங் கொயிலிலிருந்து கம்ப்ரஷருக்கு வரும் குழாய்) 25 முதல் 40 பிஎஸ்ஐ, உயர்பக்கம் (கம்ப்ரஷரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாய்) 200ஐ ஒட்டி. காலை எட்டு மணிக்கு நுவரெலியாவில், பனிக்காற்றில் கண்டென்சர் தானாகவே குளிர்ந்து நிற்கும்போது, உயர்பக்கம் 200க்கு வரவே வராது. வராததைக் கண்டு இன்னும் கேஸைத் தள்ளுகிறார்கள். என் வேனுக்கு இரண்டாம் தடவை நடந்தது இதுதான் என்று இப்போது தெரிகிறது. மலையில் நன்றாக இருந்தது. மாவனல்லை வெயிலில் அழுத்தம் எகிறி, கம்ப்ரஷர் டக் டக்கென்று விட்டுவிட்டு ஓடியது, இஞ்சின் சூடும் ஏறியது. நான் அப்போதும் ‘கேஸ் குறைஞ்சிட்டு’ என்றே நினைத்தேன். கூடியிருந்தது.

தராசில் சிலிண்டரை வைத்து, கிராம் கணக்கில் ஏற்றுவதே ஒழுங்கு. எவ்வளவு என்று பொனட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 500 முதல் 800 கிராம். பின் ஏசியும் உள்ள வேனுக்கு இன்னும் கூட. தராசு இல்லாத கராஜில் கேஸ் போடாதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. கீழ்நாட்டில் வேறு வேலை இருந்தால் அங்கேயே போடுவதும் புத்திசாலித்தனம்தான்.

வீட்டிலேயே கேன் வாங்கி ஏற்ற நினைப்பவர்களுக்கு: கேனை உயர்பக்கத்தில் மாட்டினால் கம்ப்ரஷரின் அழுத்தம் கேனுக்குள் பாய்ந்து அதை வெடிக்கவைத்துவிடும். திரவக் கேஸ் கண்ணில் பட்டால் உறைந்து புண்ணாகும். அடுப்பு கேஸை ஏசிக்குள் போடும் யோசனை யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கூலிங் கொயில் இருப்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள்.

ஆர் 12 வண்டிகள்

தொண்ணூறுகளின் முற்பாதிக்கு முந்திய வண்டி என்றால் அதில் முதலில் இருந்தது ஆர் 12 ஆக இருக்கும். ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987 இன் மொன்றியல் உடன்படிக்கை அதைக் கட்டுப்படுத்தியது. இலங்கை 1989 இல் சேர்ந்தது. 2010 தொடக்கத்தோடு வளர்முக நாடுகளிலும் அதன் காலம் முடிந்தது. இன்று அந்த வண்டிகளை ஆர் 134ஏக்கு மாற்றித்தான் ஓட்ட வேண்டும். கேஸை மட்டும் மாற்றினால் போதாது. பழைய மினரல் ஒயில் ஆர் 134ஏயோடு கலந்து பயணம் செய்யாது. அது ஒரு மூலையில் தங்கிவிட, கம்ப்ரஷர் வறண்டு இறுகும். பழைய ஒயிலை வடித்து எஸ்டர் ஒயில் விட வேண்டும், ட்ரையரும் ஓ ரிங்குகளும் மாற வேண்டும். ஆர் 12 இருந்த நிறையில் 80 முதல் 90 சதவீதம் வரைதான் ஏற்ற வேண்டும். மாற்றியபின் அதை எழுதி ஒட்டிவையுங்கள், அடுத்த பாஸ் ஊகிக்க வேண்டியிருக்காது. பழைய கண்டென்சரோடு கொழும்பு நெரிசலில் குளிர் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். மலையில் தெரியாது.

இந்தக் குளிரில் ஏசி எதற்கு?

இதைக் கேட்காத ஆள் இல்லை. ஏசியைப் போடாமலே வைத்திருப்பதுதான் இங்கே பல வண்டிகளின் ஏசியைக் கெடுக்கிறது. கம்ப்ரஷரின் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது. அதை ஈரமாக வைத்திருப்பது உள்ளே சுற்றும் ஒயில்தான். மாதக்கணக்கில் சுற்றாவிட்டால் சீல் காய்ந்து, அந்த வழியாகவே கேஸ் மெல்ல வெளியேறும். வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் போட்டு ஓட்டினால் போதும். ஏற்றத்தில் வேண்டாம், காற்று மெலிந்த இந்த உயரத்தில் டர்போ இல்லாத பழைய டீசல் இஞ்சின் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறது.

அதோடு, ஏசி குளிர்விப்பதற்கு மட்டுமல்ல. கூலிங் கொயிலில் காற்று பட்டதும் அதிலிருக்கும் ஈரம் வியர்வையாக வழிந்து வெளியேறிவிடுகிறது. மிஞ்சுவது காய்ந்த காற்று. ஜூன் மழையில், றம்பொடை வளைவுகளில் மூடுபனி இறங்கி, வேனுக்குள் பத்துப் பேரின் மூச்சும் ஈரக் குடைகளும் சேர்ந்து முன்கண்ணாடி வெளுத்துப்போகும்போது, பலர் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டுகிறார்கள். ஏசியைப் போடுங்கள், கூடவே ஹீட்டரையும் திறவுங்கள். வெளிக்காற்று உள்ளே வரும் பக்கம் நெம்பைத் தள்ளி, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். இரண்டையும் ஒன்றாகப் போடுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். மழை நாளில் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும்போது காற்றோடு சூட்டையும் கலந்து விடுவதில்லையா? அதே சங்கதி. ஏசி ஈரத்தைப் பிழிந்துவிடும், ஹீட்டர் அந்தக் காய்ந்த காற்றைச் சூடாக்கி இன்னும் ஈரம் குடிக்கிற பசியோடு கண்ணாடிக்கு அனுப்பும். ஒரு நிமிடம் பிடிக்காது. டெஷ்போர்ட் ஓரத்தில் கையளவு தெளிந்து, மெல்ல மேலே ஏறி, எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு வட்டமாகத் தெரியும்.